அம்மா சாப்பிடும் சீன மூலிகை மருந்தும் மூன்றே வாரத்தில் இறங்கிய சர்க்கரையும்

கேள்வி:

நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 64; பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. அரசு மருத்துவ நிலையமான பாலிகிளினிக்கில் மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம், கிளிபிசைடு 5 மில்லிகிராம் ஆகிய இரண்டையும் காலையும் இரவும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டினும் ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைடும் உண்டு. சென்ற முறை எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 8.4 சதவீதம் என்று வந்ததால் மருத்துவர் இன்சுலின் பேச்சை எடுத்தார், அம்மா பயந்துவிட்டார். எங்கள் புளோக்கில் குடியிருக்கும் சீன ஆன்டி, தாம் நெடுநாளாகப் பார்க்கும் சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) அழைத்துச் சென்றார். அவர் நாடியும் நாக்கும் பார்த்து ஒரு தூள் மருந்து கொடுத்தார். அதே சமயத்தில் உறவினர் ஒருவர், "முழுக்க முழுக்கச் சீன மூலிகை" என்று இணையத்தில் வாங்கிய கேப்சூல்களையும் கொடுத்தார். மூன்று வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 9.5 மில்லிமோலிலிருந்து 5.1-க்கு வந்துவிட்டது. அம்மா மகிழ்ந்து இரவு மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். இரண்டு நாளாக விடியற்காலையில் வியர்த்துக் கை நடுங்குகிறது. "உடம்பிலுள்ள நச்சு வெளியேறுகிறது" என்கிறார். மருத்துவர் திட்டுவார் என்பதால் அவரிடம் எதையும் சொல்லக் கூடாதாம். இந்த மருந்துகளைத் தொடரலாமா?

— ஒரு வாசகி, சிங்கப்பூர்

மருந்தாளுநரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்கள் சொல்லியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிளிபிசைடு சாப்பிடும் ஒருவருக்கு விடியற்காலையில் வியர்த்துக் கை நடுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு மீட்டர் 5.1 காட்டியது என்பதால் நான்கு மணிக்கும் அப்படியே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை மிகவும் தாழும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியே விட்டு அளவைச் சற்று உயர்த்திவிடும். எனவே நடுக்கம் வரும் அந்த வேளையிலேயே விரலில் குத்திப் பாருங்கள். 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள், அப்போதும் 4.0-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். அளவு ஏறியபின் பிஸ்கட்டோ ரொட்டியோ கொஞ்சம் சாப்பிட வேண்டும். அவர் குழம்பிப் பேசினாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

உறவினர் கொடுத்த கேப்சூலை இன்றே நிறுத்திவிடுங்கள். சின்சேயின் தூளும், அதில் என்ன இருக்கிறது என்பது தெரியும்வரை நிற்கட்டும். கிளிபிசைடின் அடுத்த வேளையைக் கொடுக்கலாமா என்பதைப் பாலிகிளினிக்கில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்; அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், இன்றே போங்கள். ஒருமுறையேனும் 4.0-க்குக் கீழே இறங்கி, அந்த நேரத்தில் பாலிகிளினிக் மூடியிருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்து எழுதுவதைப் படித்தால் புரியும்.

நீங்கள் "சீன மருந்து" என்று ஒரே பெயரில் குறிப்பிடும் இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் உங்கள் அம்மாவை நேரில் பார்த்துக் கொடுத்தது ஒன்று. யார் செய்தது, எங்கே செய்தது என்று தெரியாமல் தபாலில் வந்தது மற்றொன்று. முதலாவதைப் பற்றிப் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி எனக்கு இருப்பது சந்தேகம் மட்டுமே, அதற்குக் காரணமும் உண்டு.

நீரிழிவுக்கென விற்கப்படும் பெயர் தெரியாத மூலிகைக் கேப்சூல்களில் ரசாயன மாத்திரையைப் பொடித்துக் கலப்பது பழைய மோசடி. பெரும்பாலும் கலக்கப்படுவது கிளிபென்கிளமைடு. உங்கள் அம்மா சாப்பிடும் கிளிபிசைடின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. கலப்பவருக்கு ஆகும் செலவு அற்பம். வாங்கியவரோ சில நாட்களிலேயே மீட்டரில் எண் இறங்குவதைக் கண்டு ஊரெல்லாம் சொல்லத் தொடங்கிவிடுவார். கலிபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறை 2000-ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட சீன மூலிகைப் பொருள்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்து விலக்கியது. அவற்றில் கிளிபென்கிளமைடோடு, ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டியதால் பல நாடுகளில் எப்போதோ கைவிடப்பட்ட ஃபென்ஃபார்மினும் இருந்தது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் 2009 ஜனவரியில் இத்தகைய போலிக் கேப்சூலைச் சாப்பிட்டவர்களில் இருவர் இறந்தனர். அதில் இருந்த கிளிபென்கிளமைடு வழக்கமான அளவைப்போல் பல மடங்கு.

சிங்கப்பூரிலேயே நடந்ததை அந்நாளைய செய்திகளில் நீங்கள் படித்திருக்கக்கூடும். 2008-இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத ஏறத்தாழ 150 பேர் சர்க்கரை மிகவும் தாழ்ந்த நிலையில் இங்குள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆண்கள். மருத்துவர்கள் துருவிப் பார்த்தபோது, ஆண்மை பெருக்கும் என்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது தெரியவந்தது; நான்கு பேர் உயிரிழந்தார்கள். நீரிழிவுக்கென்று வாங்காத பொருளிலேயே இது இருந்தது என்றால், நீரிழிவுக்கென்றே விற்பவர் எதைக் கலக்க விரும்புவார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கிளிபென்கிளமைடின் வேலை ஒரு முழு நாள் வரை நீடிக்கும். வயதானவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அது உடலில் தேங்கி இன்னும் நீளும். ஆகவே கேப்சூலை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாட்களுக்கு, படுக்கப் போகும் முன்பும் விடியற்காலையிலும் சர்க்கரையைச் சோதித்துக் குறித்து வையுங்கள்.

உங்கள் வீட்டுக் கேப்சூலிலும் கலப்படம் இருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் அதைச் சொல்ல முடியாது. பயத்தில் அம்மா சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்து, கிளிபிசைடை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தாலும் இதே விளைவு வரக்கூடும். ஆனால் சர்க்கரை இவ்வளவு வேகமாக இறங்கியதும், இரவு மெட்ஃபார்மினை நிறுத்திய பிறகும் விடியற்காலையில் நடுக்கம் வருவதும், வேறு ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்கிறது என்று என்னை எண்ண வைக்கின்றன.

கலப்படமே இல்லாத ஒரு மருந்தையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் சீனாவிலிருந்து வரும் நண்பர்கள் இதை அன்பளிப்பாகக் கொண்டுவந்து தருவதுண்டு. "சியாவோ கெ" மாத்திரை என்பது சீனாவில் முறையாக அனுமதி பெற்ற, பல ஆண்டுகளாகப் பயன்பாட்டிலுள்ள மருந்து. அதில் கிழங்கும் வேரும் மக்காச்சோளக் கதிரின் நாருமாக ஏழு தாவரப் பொருள்களோடு கிளிபென்கிளமைடும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பத்து மாத்திரைக்கு 2.5 மில்லிகிராம் என்பது கணக்கு. அங்கே 800 நோயாளிகளிடம் 48 வாரம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சர்க்கரையைக் குறைப்பதில் இது தனிக் கிளிபென்கிளமைடுக்கு ஈடாக இருந்தது. தாழ்சர்க்கரை நேர்வது குறைவாகவும் இருந்தது. கவனிக்கத்தக்க முடிவு இது, ஆயினும் சீன எழுத்தில் உள்ள சீட்டைப் படிக்க முடியாத ஒருவர் இதை வெறும் மூலிகை என்று நம்பிக் கிளிபிசைடோடு சேர்த்து விழுங்கினால், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகளைச் சாப்பிட்டவர் ஆகிறார். கேப்சூலோடு வேறு ஏதேனும் மாத்திரையும் வந்ததா என்று அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

இனிச் சின்சேயின் தூளுக்கு வருவோம். சீன மருத்துவம் இந்த நோயை நேற்று அறிந்ததல்ல. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுள்ள மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூலே, இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவை அடிக்கடி உண்பவருக்கு இந்தத் தாகநோய் வரும் என்று எழுதிவைத்திருக்கிறது. தாங் அரச காலத்து நூல்களில் நோயாளியின் சிறுநீர் இனிக்கும் என்ற குறிப்பும் உண்டு. இன்றைய சின்சேக்கள் பெரும்பாலும் ஹுவாங் லியென், ஹுவாங் ச்சி, கெ கென், தி ஹுவாங் போன்ற வேர்களையும் கிழங்குகளையும் ஆளுக்குத் தக்க விகிதத்தில் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஆள் கூட்டு மாறுவது அந்த மருத்துவத்தின் பெருமை. ஆய்வாளருக்கோ அதுவே தலைவலி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், 2004-இல் வெளிவந்த தொகுப்பாய்வு 66 சோதனைகளை, 8302 நோயாளிகளை, 69 விதமான மூலிகை மருந்துகளை எடுத்துப் பார்த்தது. சில மருந்துகள் சர்க்கரையைக் குறைப்பதாகத் தெரிந்தாலும், பெரும்பாலான சோதனைகளின் தரம் தாழ்ந்திருந்ததால் உறுதியாக எதையும் பரிந்துரைக்க அதனால் முடியவில்லை.

அதன் பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஹுவாங் லியென் வேரின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் என்ற சத்தைப் பிரித்தெடுத்து, நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்த சீன ஆய்வொன்றில், எச்பிஏ1சி 9.5-லிருந்து 7.5-க்கு இறங்கியது, மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன். (நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் மரமஞ்சளிலும் இதே பெர்பெரின்தான் இருக்கிறது.) ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 36 பேர் மட்டுமே, அதுவும் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள், பன்னிரண்டு ஆண்டுகளாக நோயோடு இருக்கும் கணையம் அதேபோல் நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஹுவாங் லியென் வேரின் எடையில் பெர்பெரின் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம். சின்சே நாளுக்கு மூன்று கிராம் வேர் சேர்த்திருந்தால் அதிலிருந்து கிடைப்பது 150 முதல் 240 மில்லிகிராம், ஆய்வில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வரைதான். மூன்று வாரத்தில் ஏற்பட்ட பெரும் இறக்கத்துக்குச் சின்சேயின் தூள் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று நான் நினைப்பது இதனால்தான்.

முசுக்கொட்டைக் கிளையிலிருந்து பிரித்தெடுத்த சத்தை மாத்திரையாக்கி, நீரிழிவு மருந்தாகவே சீன அரசு 2020-இல் அனுமதித்தது. மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்துவது அதன் வேலை, அதாவது அகார்போஸ் என்ற பழைய மாத்திரை செய்யும் அதே வேலை. நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுக்கு ஜின்லிடா என்ற கூட்டு மருந்தைக் கொடுத்து, 889 பேரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2024-இல் வெளியான சீன ஆய்வில், மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு நிலைமை நீரிழிவாக முற்றும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்திருந்தது. இவை புறந்தள்ளக் கூடியவை அல்ல. ஆயினும் ஒரு வேறுபாட்டை நான் எப்போதும் சொல்லிவருகிறேன்: மெட்ஃபார்மின் எண்ணைக் குறைப்பதோடு நிற்கவில்லை, உடல் பருத்த நோயாளிகளிடம் நீரிழிவால் வரும் மரணத்தையும் மாரடைப்பையும் குறைத்தது என்று 1998-இல் வெளியான பிரிட்டனின் நீண்டகால ஆய்வு காட்டியது. கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பாற்றும் என்று அதே அளவுக்கு நிறுவப்பட்ட மூலிகைக் கூட்டு எதையும் என்னால் உங்கள் அம்மாவுக்குக் காட்ட முடியாது. சின்சேயின் தூளை நம்பி மெட்ஃபார்மினை அவர் விட்டதை அதனால்தான் நான் ஏற்கவில்லை. பாலிகிளினிக்கில் சிறுநீரகச் சோதனையைப் பார்த்துவிட்டுச் சொன்னதும் அதை மறுபடி தொடங்க வேண்டும்.

அடுத்து, உங்கள் அம்மாவின் மற்ற மாத்திரைகளுக்கும் தூளுக்கும் ஒத்துப்போகுமா என்பது. இதை ஒவ்வொரு மூலிகையாகத்தான் பார்க்க வேண்டும். "சீன மருந்துக்கும் இங்கிலீஷ் மருந்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும்" என்று கடையில் சொல்வது வயிற்றுக்குள் கலப்பதைத் தடுக்கலாமே தவிரக் கல்லீரலில் நடப்பதைத் தடுக்காது. அடோர்வாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றும் நொதியைப் பெர்பெரின் மந்தமாக்குவதால், அந்த மாத்திரை ரத்தத்தில் தேங்கித் தசைவலி கொடுக்கக்கூடும். தொடையும் தோளும் காரணமின்றி வலித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும். அதைவிட எனக்குக் கவலை தருவது கான் சாவ், அதாவது சீன அதிமதுரம். கூட்டு மருந்துகளில் மற்றவற்றை இணக்கமாக்கவென்று மிகப் பரவலாகச் சேர்க்கப்படும் வேர் அது. நாள்பட அதிகமாகச் சாப்பிட்டால் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை உயர்த்தும். உங்கள் அம்மா சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதையசைடும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதுதான். இரண்டும் சேர்ந்தால் கால் பிடித்து இழுக்கும், உடல் சோரும், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் இந்த வாரமே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும்போது அரிஸ்டோலோகிக் அமிலத்தைத் தவிர்க்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒத்த வேறொரு நச்சுக்கொடி கலந்துவிட்டதே காரணம். சிங்கப்பூரில் அந்த அமிலம் உள்ள மூலிகைகளுக்குத் தடை இருக்கிறது. இணையத்தில் எங்கிருந்தோ வரும் பொட்டலத்துக்கு அந்தத் தடை தெரியாது. உங்கள் வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவரோ இருந்தால், பெர்பெரின் உள்ள தூள் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. பச்சிளங் குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலை வந்ததால்தான் ஹுவாங் லியெனைச் சிங்கப்பூர் 1978 முதல் நெடுங்காலம் தடை செய்து வைத்திருந்தது. இப்போது அனுமதி உண்டு, ஆனால் எச்சரிக்கை மாறவில்லை.

மருத்துவர் திட்டுவார் என்ற பயத்துக்கு என்ன சொல்வது? சில மருத்துவர்கள் கடிந்துகொள்ளவும் செய்வார்கள். அது நல்ல பழக்கம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டால் நடக்கப்போவதைப் பாருங்கள்: அடுத்த சந்திப்பில் குறைந்த எண்ணைக் கண்ட மருத்துவர், தம் மருந்து வேலை செய்கிறது என்று எண்ணி அதே அளவைத் தொடர்வார்; கேப்சூல் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி ஏறும், அப்போது அளவைக் கூட்டுவார்; உறவினர் புதிய டப்பா கொண்டுவந்த அன்று இரவு உங்கள் அம்மா மயங்கி விழுவார். "டாக்டர், அம்மா இதையும் சாப்பிட்டார், விடியற்காலையில் நடுங்குகிறது, என்ன செய்ய வேண்டும்?" என்று நீங்களே முதலில் பேசிவிடுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்வார்கள். தூளையும் கேப்சூலையும் டப்பாவோடும் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். கேப்சூலைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம், சுகாதார அறிவியல் ஆணையத்திடம் புகார் செய்தால் மீதமிருப்பதுதான் சான்று. மூட்டுவலிக்கென்று இதேபோல் தபாலில் வந்த மூலிகை ஏதாவது அலமாரியில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவற்றில் கலக்கப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், 8.4-க்கு அதுகூட ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சின்சேயிடமும் ஒருமுறை போய்வாருங்கள், பக்கத்து வீட்டு ஆன்டி மொழிபெயர்க்கட்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிங்கப்பூரில் சீன மருத்துவம் பார்ப்பவர் உரிய வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். தூளில் உள்ள மூலிகைகளின் பெயரையும் கிராம் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவு பெற்ற, பொறுப்புள்ள சின்சே இதற்குத் தயங்க மாட்டார். அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைப் பார்த்ததும் கான் சாவை அவரே எடுத்துவிடவும் கூடும். எழுதித் தர மறுத்தால் அந்தத் தூளை மீண்டும் தொடங்க வேண்டாம். எழுதித் தந்து, மருத்துவரும் மருந்தாளுநரும் பார்த்து ஆட்சேபம் இல்லை என்றால், பாலிகிளினிக் மருந்துகளோடு கூடுதலாக அதைச் சாப்பிடுவதில் எனக்கும் மறுப்பில்லை. நம்பிக்கை வைத்த ஒருவரிடம் போய்வருவதால் அம்மா சோற்றின் அளவையும் நடையையும் கவனித்துக்கொள்கிறார் என்றால் அதுவும் லாபமே.

இன்சுலினைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு ஆண்டுகளில் கணையம் தளர்வது இந்த நோயின் இயல்பு, உங்கள் அம்மா செய்த குற்றம் அல்ல. இன்சுலினுக்கு முன்பாகச் சேர்க்கக்கூடிய வேறு வகை மாத்திரைகளும் இன்று உண்டு. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நன்மை தருபவை அவற்றில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேளுங்கள். இன்சுலினே வேண்டும் என்றாலும், பெரும்பாலும் இரவில் ஒரே ஓர் ஊசியில்தான் தொடங்குவார்கள். அந்த ஊசியை ஒருமுறை தாதியிடம் வாங்கி அம்மாவின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

மருந்துகளைச் சீராக்கிய பிறகு ஒரே சமயத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். தூளை மீண்டும் தொடங்குவதானால் அந்த மாதத்தில் வேறெதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவதால், கேப்சூலை நிறுத்திய நாளைக் குறித்துவைத்து, அதிலிருந்து மூன்று மாதம் கழித்தே அடுத்த சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.